பழி பனியின் மீது, பழுது எஞ்சினில்

மார்கழி பிறந்ததிலிருந்து மாசி பிறக்கும் வரை வன்னிக் கிராமங்களின் அதிகாலைப் பொழுதுகளில் ஒரே வசனத்தைப் பல வளவுகளிலும் கேட்கலாம். "பனிக்குள்ள நிண்டது அண்ணை, அதுதான் ஸ்ராட் எடுக்குதில்லை" என்பதே அந்த வசனம். சொல்பவர் உழவு இயந்திரத்தின் உரிமையாளராக இருப்பார்; அல்லது அதனை ஓட்டும் இளைஞராக இருப்பார். கேட்பவர் தலையசைப்பார். பிறகு அயல் வளவிலிருந்து இன்னோர் இயந்திரம் கயிற்றோடு வரும். இழுபட்டுச் செல்லும் இயந்திரம் ஒழுங்கை முழுவதும் வெண்புகையைக் கக்கி, ஐம்பது யார் சென்றதும் இருமிக்கொண்டு எழும். அத்துடன் விடயம் முடிந்ததாகக் கருதப்படும். மறுநாள் காலையிலும் அதே வசனம், அதே கயிறு.

அந்த வசனத்தை நாம் நம்பக்கூடாது என்பதே இப்பத்தியின் வாதம். வன்னியின் பனி ஒரு டீசல் எஞ்சினை எழவிடாமல் தடுக்கும் அளவுக்குக் கொடியது அன்று. ஏற்கெனவே எஞ்சினுக்குள் இருக்கும் பழுதைப் பனி வெளியே காட்டிக் கொடுக்கின்றது, அவ்வளவே. சாட்சி சொல்ல வந்தவனைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் உண்மைக் குற்றவாளி வெளியே சுதந்திரமாக உலாவுவான். எங்கள் கமக்காரர் பலரின் கொல்லையில் இப்போது நடப்பது அதுதான்.

எத்தனை பாகைக் குளிர்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தை மாத விடியற்காலையில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். சில நாள்களில் அதற்குச் சற்றுக் கீழும் செல்லும். நண்பகலில் அதே இடத்தில் 30 பாகை வரை ஏறும். ஆகவே காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வேறுபாடு பத்துப் பாகை சுமார்.

பெற்றோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்குப் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அப்படியொன்று இல்லை. பிஸ்ரன் மேலே ஏறும்போது உருளைக்குள் அகப்பட்ட காற்று பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகின்றது. நெருக்கப்பட்ட காற்று சூடேறுகின்றது. அந்தச் சூட்டுக்குள் பனிப்புகார் போலத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கின்றது. சுகமாக உள்ள ஓர் எஞ்சினை ஸ்ராட்டர் சுழற்றும்போது உருளைக்குள் 400 பாகைக்கு மேற்பட்ட சூடு பிறக்கும். டீசல் தானாகத் தீப்பற்றுவதற்கு 210 பாகை அளவே தேவை. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பற்றவேண்டியிருப்பதால் அதனைவிட அதிகச் சூடு வேண்டும் என்பது உண்மை. எனினும் கைவசம் தாராளமான இருப்பு இருக்கின்றது.

இப்போது காலைக் குளிரின் பங்கு எவ்வளவு? உள்ளே இழுக்கப்படும் காற்று பத்துப் பன்னிரண்டு பாகை குளிர்ந்திருந்தால், நெருக்கிய பின்னர் உச்சியில் கிடைக்கும் சூடு முப்பது பாகை அளவில் குறையும். நானூறில் முப்பது குறைந்தால் நல்ல எஞ்சின் அதனைப் பொருட்படுத்தாது. அந்த முப்பதே ஓர் எஞ்சினை முடக்கிவிடுகின்றதென்றால், அது ஏற்கெனவே தன் இருப்பையெல்லாம் செலவழித்துவிட்டு விளிம்பில் நிற்கின்றது என்பதே பொருள்.

குளிரையே குற்றஞ்சாட்டத்தக்க நாடுகள் இருக்கின்றன. எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் சூனியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் டீசலுக்குள் மெழுகு திரண்டு பில்ரரை அடைக்கும். பற்றரி தன் வலுவின் பெரும்பகுதியை இழக்கும். இரவிரவாக எஞ்சினை மின்சாரத்தில் சூடேற்றி வைப்பார்கள். எமது நாட்டிலும் நுவரெலியாவில் தை, மாசியில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. பரந்தனிலோ முழங்காவிலிலோ அவ்வாறு நிகழ்வதில்லை. அந்த நாடுகளுக்காகச் சொல்லப்பட்ட வைத்தியத்தை இங்கே கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிப்பதனால் நன்மையை விடத் தீமையே அதிகம்.

பிறவிக்குறையும் பின்னர் வந்த நோயும்

உழவு இயந்திர வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு பாடம் உண்டு. 1956 இல் இங்கிலாந்தின் கொவென்றியில் பேர்குசன் 35 என்ற உழவு இயந்திரம் வெளிவந்தது. பின்னர் மசி பேர்குசன் 35 என்று பெயர்பெற்ற இயந்திரம் இதுவே. அதன் டீசல் வகையில் பொருத்தப்பட்டது ஸ்ராண்டட் நிறுவனத்தின் நான்கு உருளை கொண்ட 23சி என்னும் எஞ்சின். குளிர்காலக் காலைகளில் அந்த எஞ்சின் எழ மறுப்பது ஆங்கிலேயக் கமக்காரரிடையே பேர்போன விடயமாக இருந்தது. அங்கே அது எஞ்சினின் பிறவிக்குறை. புத்தம் புதிதாக இருந்தபோதும் அது குளிரில் அடம்பிடித்தது. இறுதியில் 1959 இன் பிற்பகுதியில் பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று உருளை எஞ்சினுக்கு உற்பத்தியாளர்கள் மாறினார்கள். அதே மூன்று உருளைக் குடும்பமே 1964 இல் அறிமுகமான மசி பேர்குசன் 135 இலும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 1960 இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனத்தின் வழியாக அந்த வம்சம் சென்னையிலும் வேரூன்றியது.

வன்னியிலும் கிழக்கிலும் இன்றும் வயலில் நிற்கும் கிழட்டு இயந்திரங்களிற் பல இந்தப் பேர்க்கின்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த எஞ்சினுக்குக் குளிர்ப் பயம் பிறவியிலேயே இருந்ததன்று. இங்கிலாந்தின் பனிக்காலத்தையே தாங்கிய எஞ்சின் அது. கொவென்றியில் உருவான 135 களில் மிக இளையதற்கே இப்போது ஐம்பது வயது அளவில் இருக்கும். அது வன்னியின் 20 பாகையில் எழ மறுத்தால், அது பிறவிக்குறை அன்று. இடையில் வந்த நோய்.

நோய் வந்த விதமும் நாம் அறியாததன்று. 1990 இல் மீண்டும் போர் மூண்டதிலிருந்து 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வரையில் வடக்கின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. எரிபொருளும் பற்றரிகளும் வாகன உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை அக்காலத்தில் வடக்கில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. பற்றரி இல்லாத உழவு இயந்திரத்தை மேட்டில் நிறுத்தி வைத்து உருட்டி எழுப்புவதும், கயிறு கட்டி இழுத்து எழுப்புவதும் அன்று கெட்டித்தனம். வேறு வழியில்லாத வாழ்வின் சாமர்த்தியம். 2009 இன் முதல் மாதங்களில் மக்கள் தம் வாழ்வனைத்தையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது பலர் தம் இயந்திரங்களைத் துருவேறிய எலும்புக்கூடுகளாகவே மீண்டும் கண்டார்கள். வேறு சிலர் மணலையும் உப்புக்காற்றையும் தாங்கிய எஞ்சினைக் கழுவிப் பூட்டி வயலில் இறக்கினார்கள்.

அந்தச் சாமர்த்தியத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் தடையும் போரும் முடிந்த பின்னரும் கயிறு மட்டும் கையைவிட்டுப் போகவில்லை என்பதே என் கவலை. பற்றரி கிடைக்காத காலத்தில் கயிறு ஒரு தீர்வு. பற்றரி கடையில் கிடைக்கும் காலத்தில் கயிறு நோயை மறைக்கும் திரை.

விசாரணையின் ஒழுங்கு

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும். செலவில்லாத கேள்விகளை முதலில் கேட்பது. ஆதாரம் இல்லாமல் எவர் மீதும் பழி சுமத்தாமல் இருப்பது. எஞ்சின் விடயத்திலும் அந்த ஒழுங்கே பொருந்தும். ஆனால் நடைமுறையில் நடப்பது தலைகீழ். முதல் நாளே புதிய பற்றரி வாங்கப்படும். அது பயனளிக்காவிட்டால் டீசல் பம்ப் கழற்றப்பட்டு நகரத்துக்கு அனுப்பப்படும். ஆயிரக்கணக்கில் பணம் செலவான பின்னர், அரைக் கழிவுத் துணியால் துடைத்து இறுக்க வேண்டிய ஒரு வயர் முனையே காரணம் என்று தெரியவரும்.

முதற் கேள்வி: எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றது? மெல்லச் சுழலும் எஞ்சினில் நெருக்கப்பட்ட காற்று, ரிங்குகளின் இடுக்கால் கசிவதற்கும் தன் சூட்டை இரும்புக்குக் கொடுப்பதற்கும் அவகாசம் பெற்றுவிடுகின்றது. ஆகவே சுகமான எஞ்சினும் மெல்லச் சுற்றினால் எழாது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ற் பற்றரி 12.6 அளவு காட்டினால் நிறைந்திருக்கின்றது, 12.2 காட்டினால் பாதிதான் இருக்கின்றது. ஸ்ராட்டர் சுழலும் வேளையில் ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றது. பற்றரி நன்றாக இருந்தும் சுழற்சி மந்தமென்றால் வயர்களைப் பார்க்கவேண்டும். ஸ்ராட்டரைச் சில விநாடிகள் சுழற்றிவிட்டு ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள்; சுடுகின்ற முனையே திருடன். எல்லோரும் மறக்கும் இடம் எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் வயர். பூச்சின் மேலும் துருவின் மேலும் முறுக்கப்பட்ட எர்த் வயரால் எத்தனை நல்ல பற்றரிகள் கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன!

இதே இடத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கிழட்டு எஞ்சின் நீலப்புகை விட்டால் அதனைக் குறைக்கத் தடித்த ஓயில் ஊற்றும் வழக்கம் உண்டு. பகலில் புகை குறையும். ஆனால் விடியற்காலையில் அந்தத் தடித்த ஓயில் பாகுபோல் நின்று எஞ்சினைச் சுழலவிடாது. ஒரு நோயை மறைக்கக் கொடுத்த மருந்து இன்னொரு நோயைக் கூட்டிவிடுகின்றது.

இரண்டாவது கேள்வி: சுழலும்போது புகை வருகின்றதா? வந்தால் என்ன நிறம்? கிழட்டு டீசல் எஞ்சினைப் பற்றி ஒருவர் அறியவேண்டியது ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான்.

நல்ல வேகத்தில் சுழன்றும் புகையே இல்லையென்றால், உருளைக்குள் டீசல் போகவில்லை. குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அணைக்கும் குமிழின் கம்பி துருவேறிப் பாதியில் சிக்கியிருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி நிகழ்வது. அடுத்து ராங்கியின் திறப்பு, பில்ரர், குழாய்கள். இரவில் மட்டும் தலைகாட்டும் பழுதுகளில் முக்கியமானது காற்று. வெடித்த றப்பர் குழாய், பழைய செப்பு வாஷர், பில்ரர்க் கிண்ணத்தின் தளர்ந்த சீல் ஆகியவற்றின் வழியே இரவிரவாகக் காற்று உட்புகுந்து, டீசல் ராங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். பகலில் சிறு இடைவேளையின் பின்னர் எழுப்பினால் எழும்; நீண்ட இரவின் பின்னர் எழாது. உரிமையாளர் அதனைப் பனி என்பார். இதற்கான சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. காலையில் ஸ்ராட்டரைத் தொடுவதற்கு முன்னர் பீட் பம்பின் கை நெம்பை இருபது தடவை அடித்துவிட்டு எழுப்புங்கள். உடனே எழுந்தால் பழுது காற்றில் இருக்கின்றது. நெம்பு பிடிக்காமல் தொளதொளவென்று ஆடினால் எஞ்சினைச் சற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் அடிக்கவேண்டும். காற்றை எடுக்கும்போது பில்ரர் முதலில், பம்ப் அடுத்து, நொசில் குழாய்கள் இறுதியில் என்ற ஒழுங்கை மாற்றக்கூடாது.

வெண்புகை வந்தால் கதை வேறு. கண்ணை எரிக்கும் மணத்தோடு வரும் அந்த வெண்மை, எரியாமல் ஆவியான டீசல். டீசல் உள்ளே போகின்றது. பற்றுவதற்குச் சூடு போதவில்லை. 135 போன்ற இயந்திரங்களில் பிளக் இல்லாவிட்டாலும் காற்று உட்செல்லும் குழாயில் ஒரு சிறு சூடேற்றி உண்டு. திறப்பைச் சூடேற்றும் நிலையில் பதினைந்து இருபது விநாடி பிடித்தால் அதன் சுருள் பழுத்து, சில துளி டீசலை எரித்து, உட்செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கும். பல இயந்திரங்களில் அதன் வயர் அறுந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். சிலவற்றில் அதனைக் கழற்றித் துளையை அடைத்திருப்பார்கள். பிடித்து வைத்த பின்னர் அவ்விடத்தைத் தொட்டால் சூடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வயரையும் அதற்கு டீசல் வரும் சிறு குழாயையும் பாருங்கள்.

சூடேற்றி சரியாக இருந்தும் வெண்புகை நீடித்தால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வு முழுமையாக மூடாது. அமுக்கம் அவ்வழியே கசியும். அதற்கடுத்து நொசில்கள். 150 மடங்கு வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் நின்று புகார் போலத் தெளிக்கவேண்டிய நொசில், மூக்கொழுகும் பிள்ளைபோல் சொட்டினால் எந்தச் சூடும் போதாது. எழுந்த பின்னர் எஞ்சின் ஒரு காலால் நொண்டினால், நொசில் குழாய்களின் முடிச்சை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கலாம். எந்த உருளையைத் தளர்த்தும்போது சத்தத்தில் மாற்றமில்லையோ அந்த உருளையே சோம்பேறி. இதனைச் செய்பவர் முகத்தையும் கையையும் விலக்கி வைத்திருத்தல் அவசியம். அந்த அமுக்கத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே ஊசிக்குத்துப் போலத் தெரியும் காயம் ஒரு விரலையே இழக்கச் செய்யலாம்.

இத்தனையும் தாண்டிய பின்னரே அமுக்கத்தின் மீது, அதாவது ரிங், உருளை, பிஸ்ரன் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளவேண்டும். எஞ்சினின் மூச்சுக் குழாயில் புகை குபுகுபுவென்று வருவதும், நீலப்புகையும், ஓயில் குறைவதும் அதற்கான சாட்சிகள். மூன்று சாட்சிகளும் ஒன்றுபட்டால் தலையைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது கழற்றுவது தீர்ப்பு. முதல் நாளே கழற்றுவது அவசரம்.

டீசல் பம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வகை இயந்திரங்களில் உள்ள சுழலும் பம்புக்குத் தனியே ஓயில் இல்லை. டீசலே அதற்கு மசகு. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகு மெலிந்து பம்ப் தேயும். 2022 ஆவணியில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்படும் வரை மண்ணெண்ணெயின் மலிவு அக்கலப்புக்குத் தூண்டுதலாக இருந்தது. ஆனால் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் எதிர்மாறான குறியையே காட்டும். காலையில் டீசல் குளிர்ந்து தடித்திருக்கும்போது எழுந்துவிடும்; வேலை செய்து சூடேறிய பின்னர் அணைத்தால் மீண்டும் எழாது. ஆகவே "காலையில் மட்டும் எழுவதில்லை" என்று முறையிடும் ஒருவரிடம் எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றச் சொல்லும் கராஜ்காரரிடம் ஏன் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

குறுக்குவழிகளின் விலை

பொறுமையிழந்தவர்கள் நாடும் குறுக்குவழிகள் மூன்று. மூன்றும் பணத்தோடு நிற்பவை அல்ல, உயிரோடு விளையாடுபவை.

முதலாவது, காற்றுக் குழாயில் ஈதர் அடிப்பது அல்லது பெற்றோல் தோய்த்த துணியைப் பிடிப்பது. ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த சூட்டில், நேரங்காலம் பார்க்காமல் வெடிக்கும். பிஸ்ரன் மேலேறி முடிப்பதற்குள் அதன் தலையில் சம்மட்டி அடி விழும். தேய்ந்த ரிங் உடையும். தேய்மானம் கூடக் கூட அடுத்த நாள் இன்னும் அதிகம் அடிக்கவேண்டி வரும். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சூடேற்றி இயங்கும் எஞ்சினில் ஈதர் அடித்தால், பழுத்த சுருளில் பற்றிக் குழாயோடு வெடித்து, குனிந்து நிற்பவரின் முகத்துக்கே வரும்.

இரண்டாவது, நிலத்தில் நின்றபடி ஸ்குரூ டிரைவரால் ஸ்ராட்டரின் இரு முனைகளையும் தொடுத்து எழுப்புவது. 135 இல் உயர் தாழ் கியர் நெம்பு நடுநிலையில் இருந்தாலன்றித் திறப்பால் ஸ்ராட்டர் சுழலாது. அந்தக் காவலைத் தாண்டிச் செல்வதே இந்த வித்தை. கியரில் நிற்கும் இயந்திரம் எழுந்த கணமே முன்னே பாயும். அப்போது எழுப்பியவர் நிற்கும் இடம் பெரிய பின்சக்கரத்தின் நேர் முன்னால். உலகின் பல நாடுகளிலும் கமக்காரர்கள் இவ்வாறே தம் சொந்த இயந்திரத்தின் கீழ் மாண்டிருக்கின்றார்கள்.

மூன்றாவது, மேலே சொன்ன கயிறு. இழுக்கும் கயிறு அறுந்தால் அது சவுக்காகத் திரும்பும். இழுபடும் இயந்திரம் திடீரென எழுந்தால் முன்னால் செல்வதன் மீது மோதும். அதன் ஆசனத்தில் இருப்பவர் அநேகமாக வீட்டின் இளைய பிள்ளை என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

தையில் சொன்னது புரட்டாதியில் நடக்கும்

"காலையில் பத்து நிமிட அலைச்சல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பிரசங்கம்?" என்று கேட்பவர்களுக்கு எமது பயிர்க்கலண்டரே பதில் சொல்லும். பனிக்காலம் காலபோக அறுவடைக் காலம். அப்போது உழவு இயந்திரத்தின் வேலை பெரும்பாலும் பெட்டியில் நெல் ஏற்றுவது. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நெல் வயலில் காத்திருக்கும். மாசி பங்குனியில் வெயில் ஏறியதும் இயந்திரம் தானாக எழத் தொடங்கும். "பனி போச்சு, சரியாப் போச்சு" என்று உரிமையாளர் மறந்துவிடுவார். ஆனால் உள்ளேயிருக்கும் தேய்மானம் வெயிலில் குணமாவதில்லை. சித்திரையில், ஆனியில், ஆடியில் அது சத்தமின்றி வளரும்.

ஆவணி புரட்டாதியில் காலபோக உழவு தொடங்கும். இறுகிக் கிடக்கும் நிலத்தில் கலப்பை இறங்கும். ஆண்டின் மிகக் கடினமான வேலை எஞ்சினின் மேல் விழும் காலம் அது. மழைக்கு முந்திப் புழுதியில் விதைத்தாகவேண்டும். மழை முந்தினால் நிலம் சேறாகும், விதைப்பு முறையே மாறும், செலவு கூடும். அந்தக் கிழமைகளில் எஞ்சின் படுத்துவிட்டால் வாடகைக்கு இயந்திரம் தேடவேண்டும். ஊரில் எல்லோருக்கும் ஒரே வேளையில்தான் உழவு. ஆகவே வாடகை இயந்திரம் வருவது எல்லோருக்கும் பின்னர்தான். நகை அடகுக்குப் போவதும், கடனுக்குக் கையெழுத்து விழுவதும் அந்த நாள்களில்தான். தையில் எஞ்சின் மெல்லச் சொன்ன செய்தியைக் கேட்காதவருக்கு அது புரட்டாதியில் உரக்கச் சொல்கின்றது. இடையே எட்டு மாத அவகாசம் கிடைத்திருந்தது என்பதே வேதனை.

ஆகவே குளிர்காலத் தகராறைக் கமக்காரர் ஒரு தொல்லையாகக் கருதாமல் முன்னறிவிப்பாகக் கருதவேண்டும். புயலுக்கு முன்னறிவிப்பு வந்தால் கரையில் தோணியை ஏற்றுகின்றோம். எஞ்சின் இலவசமாகத் தரும் முன்னறிவிப்பை ஏன் புறக்கணிக்கவேண்டும்?

எழுதி வைக்கப்படாத அறிவு

இங்கே சொன்ன எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. தடைக்காலத்தில் வெறும் செப்புத் தகட்டிலிருந்து வாஷர் வெட்டி எஞ்சினை உயிர்ப்பித்த திருத்துநர்கள் எம்மிடையே இருந்தார்கள். புகையைப் பார்த்தே நோயைச் சொன்னவர்கள் அவர்கள். பலர் காலமாகிவிட்டார்கள், சிலர் புலம்பெயர்ந்து சென்று வேறு தொழில் செய்கின்றார்கள், ஊரில் எஞ்சியிருப்பவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. அவர்களின் அறிவு கையிலும் காதிலும் இருந்ததேயன்றிக் கடதாசிக்கு வரவில்லை. இயந்திரத்தோடு வந்த கைநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவையும் இடப்பெயர்வுகளில் தொலைந்தன.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே இருக்கின்றது. கிராமங்கள் தோறும் கமநல சேவை நிலையங்கள் இருக்கின்றன. இவை அனைத்தும் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய இரு சிறு காரியங்களை இப்பத்தி மூலம் முன்வைக்கின்றேன். ஒன்று, மாசிக்கும் ஆடிக்கும் இடையில் ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் ஒரு நாள் எஞ்சின் பரிசோதனை. ஒரு மீற்றர், ஓர் அமுக்கமானி, ஒரு நொசில் சோதிக்கும் கருவி, இரு மாணவர்கள், ஒரு பழைய திருத்துநர் இருந்தால் போதும். மாணவருக்கு அது பாடம். கமக்காரருக்கு அது காப்புறுதி. முதியவருக்கு அது மரியாதை. மற்றொன்று, அந்த முதியவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதிய, படங்களோடு கூடிய நாற்பது பக்கத் தமிழ்க் கைநூல். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் திருத்துநர்களும் பொறியியலாளர்களும் இதற்குக் கைகொடுக்கலாம். கோவிலுக்குக் கோபுரம் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு சிறு துளி இதற்குப் போதும்.

புதிய இயந்திரம் வாங்குவதே தீர்வு என்று சொல்பவர்களும் உண்டு. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் வயலை நம்பி வாழ்பவருக்குப் புதிய நான்கு சக்கர இயந்திரம் வாழ்நாட் கடன். ஐம்பது வயதான எஞ்சின் இன்னும் பத்து ஆண்டு உழைத்தால் அந்தக் குடும்பத்தின் பிள்ளை அதற்குள் படித்து முடித்துவிடும். கிழட்டு எஞ்சினைக் காப்பாற்றுவது பழமைப் பற்று அன்று. கணக்குத் தெரிந்தவர் எடுக்கும் முடிவு.

அந்தக் கைநூல் என்றாவது அச்சேறுமானால் அதன் முதற் பக்கத்தில் இரண்டே கேள்விகள் இருக்கட்டும்: எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றது? புகை என்ன நிறம்? பனியைப் பற்றிய பேச்சு, வேண்டுமானால், கடைசிப் பக்கத்தில் வரட்டும்.